சாண் ஏறிய வீதி

மருதாசலம் கட்டிய எஞ்சின் முதல்முறையாக நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றைத் தொட்டபோது பவுண்டரிக்கார வீதியில் இருந்த அத்தனையும் தரையிலிருந்து ஒரு சாண் மேலே ஏறி நின்றது; அம்மிக்கல், கிரைண்டர் கல், தண்ணீர் டிரம், டிரம்மில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள், சைக்கிள் நிழலில் படுத்திருந்த நாய், நாயைத் திட்டிக்கொண்டே வந்த, பட்டறைக்கு எதிர்வீட்டுக் கோமதி, எல்லாம். ஏறியது என்றால் பறந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பறப்பதற்கெல்லாம் எங்கள் வீதியில் யாருக்கும் நேரமில்லை. ஒரு சாண் ஏறியது, அங்கேயே நின்றது, எஞ்சின் தணிந்ததும் பொத்தென்று கீழே வந்தது, அவ்வளவுதான். கோமதி வீட்டில் சில டம்ளர்கள் நசுங்கின. நாய் எழுந்து ஒருமுறை குரைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அந்த எஞ்சினைப் பொருத்தியிருந்த காரும், காரின் மேல் கை வைத்திருந்த மருதாசலமும் மட்டும் ஏறவில்லை. ஆகையால் வீதியே அந்தரத்தில் நின்ற சங்கதி, அதை நிறுத்தி வைத்த மனிதருக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. நாங்கள் போய்ச் சொன்னோம். அவர் நம்பவில்லை. இன்னொருதரம் ஓட்டிக்கொண்டே தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள் என்றோம். என் குடோன் வாசலில் அடுக்கியிருந்த கிரைண்டர் கற்கள் வரிசை கலையாமல் ஒரு சாண் உயரத்தில் நிற்பதையும், அவற்றுக்குக் கீழே ஒரு கோழிக்குஞ்சு குனியாமல் நடந்துபோவதையும் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தார். "எங்கியோ அதிர்வு லீக் ஆகுது. சரி பண்ணிப்போடலாம்" என்றார். நாங்கள் அதிசயம் என்றதை அவர் கோளாறு என்றார். எங்களுக்கும் அவருக்கும் முதல் மனத்தாங்கல் அங்கேதான் தொடங்கியது.

பயப்படவில்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும்? கோயமுத்தூரில் எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தை லேத் ஓடினால்தான் தூங்கும், லேத் நின்றால் அழும். ஒரு பக்கம் பவுண்டரியில் இரும்பைக் குழம்பாகக் காய்ச்சி ஊற்றுகிறார்கள், எதிர்ப்பக்கம் பம்ப்செட்டுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறார்கள், நடுவில் நான் ஆளுயர அடுக்காகக் கிரைண்டர் கல்லை வாங்கி விற்று இடுப்பைத் தொலைத்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பு போனவன் நான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கனம் குறைவதைப் பற்றி நான் பேசினால் அதில் கொஞ்சம் சுயநலம் இருக்கத்தான் செய்யும்.

வீதி முனைப் பட்டறை மருதாசலத்தினுடையது. பம்ப்செட்டு வேலையும் லேத் வேலையும் அவருக்குச் சோறு போட்டன. எஞ்சின் கட்டுவதை அவர் தலைக்கனத்துக்காகச் செய்தார். இது நான் சொல்வதில்லை, அவர் மனைவி சுலோச்சனா சொல்வது. வீதியில் இருந்த எல்லாவற்றுக்கும் கனம் போன நாளிலும் அந்த ஒரு கனம் மட்டும் போகவில்லை என்றும் அந்த அம்மாவே சொன்னார்.

எஞ்சின் கேட்டு வந்தவர் வசுந்தரா. மில்காரக் குடும்பத்துப் பெண்மணி, அறுபதை எட்டிப் பார்க்கிற வயது, பேச்சு எப்போதும் உத்தரவு மாதிரி இருக்கும். காருக்கும் ஏறக்குறைய அதே வயது. அவருடைய அப்பா கப்பலில் வரவழைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது, கதவைத் திறக்காமல் தாண்டியே உள்ளே குதிக்கலாம். பழைய எஞ்சின் துருப்பிடித்து, அதற்குள் எலி பிள்ளை பெற்று வளர்த்து முடித்திருந்தது. தை மாதம் ஊருக்குத் தெற்கே டிராக்கில் பழைய கார்களுக்கு ஒரு பந்தயம் நடக்கும், அதில் அவர் ஓட்ட வேண்டும், ஓட்டினால் ஜெயிக்க வேண்டும். இந்தக் கார் பிறந்ததிலிருந்து ஆறாயிரம் சுற்றுக்கு மேல் போனதில்லை, எனக்கு ஒன்பதாயிரம் வேண்டும் என்றார். மற்ற பட்டறைக்காரர்கள் சிரித்து அனுப்பியிருந்தார்கள். மருதாசலம் பத்தாயிரம் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேகமாகச் சுற்ற வேண்டுமானால் எடை குறைய வேண்டும். ஆனி, ஆடி இரண்டு மாசமும் அவர் எடையைச் சுரண்டினார். பிஸ்டனைச் சுரண்டினார், பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடைச் சுரண்டினார், பிளைவீல் என்கிற அந்தக் கனத்த சக்கரத்தை லேத்தில் ஏற்றி அப்பளம் மாதிரி ஆக்கினார். பொன் நிறுக்கிற தராசை ராஜவீதிப் பத்தர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்து, ஒரு பிஸ்டனுக்கும் அடுத்த பிஸ்டனுக்கும் குன்றிமணி அளவு வித்தியாசம் இருந்தாலும் மறுபடி அரத்தைக் கையில் எடுத்தார்.

எடையைவிட அவரை அதிகம் ஆட்டிப் படைத்தது வால்வுதான். எஞ்சினுக்குள் காற்று வரவும் புகை போகவும் திறந்து மூடுகிற கதவு அது; திறந்ததை மூடுவதற்கு ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. சுற்று ஏற ஏற அந்த ஸ்பிரிங்குக்கு மூச்சு வாங்கும், மூட வேண்டிய வால்வு மூடாமல் அந்தரத்தில் நிற்கும். பட்டறையில் இதற்கு 'வால்வு மிதக்குது' என்று பேர். மிதக்கிற வால்வை பிஸ்டன் வந்து முட்டினால் எஞ்சின் காலி. மிதக்கக் கூடாது, மிதக்கக் கூடாது என்று மருதாசலம் பல் விளக்கும்போதும் சொன்னார், இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டும் சொன்னார். கடைசியில் மருதமலைக்குப் படியேறிப் போய், எஞ்சினுக்குள்ளே ஒன்றும் மிதக்காமல் பார்த்துக்கொள் முருகா என்று வேண்டிக்கொண்டு வந்தார்.

எங்களுக்குத் தெரிந்தவரை காரணம் அதுதான். வேண்டுதலில் அவர் பிழை செய்துவிட்டார். எஞ்சினுக்குள்ளே என்று ஏன் சொல்ல வேண்டும்? முருகன் கேட்டதைக் கேட்டபடி கொடுப்பவர். உள்ளே மிதக்க வேண்டியதை எடுத்து வெளியே விட்டுவிட்டார். இதை மருதாசலத்திடம் சொன்னபோது, படித்தவன் மாதிரிப் பேசாதீர்கள் என்று எங்களை விரட்டினார். அதற்குப் பிறகு நாங்களும் காரணத்தை நோண்டவில்லை. வந்ததை வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள்.

பிழைத்தோம். தினமும் காலை வேலைகள் ஓய்ந்த பிறகு அவர் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார். அதற்கு முன்னால் ஹாரனை நீளமாக அடிக்க வேண்டும் என்று வீதி கேட்டுக்கொண்டது, அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஹாரன் கேட்டதும் பெண்கள் குழம்புச் சட்டிக்கு மூடி போட்டார்கள், தோசைக் கல்லை இறக்கினார்கள், தவழ்கிற பிள்ளைகளை இடுப்பில் எடுத்துக்கொண்டார்கள். பீரோவை மாடிக்கு ஏற்ற வேண்டியவர்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து இரண்டு விரலால் தள்ளிக்கொண்டு போனார்கள். பவுண்டரியில் கிரேன் வைத்து நகர்த்துகிற வார்ப்புப் பெட்டிகளை மேஸ்திரி தோளால் இடித்தே ஓரம் கட்டினார். என் கிரைண்டர் கற்களை நானே டெம்போவில் ஏற்றினேன், பூசணிக்காய் ஏற்றுகிற மாதிரி. அந்த ஒரு சாண் காற்று காலுக்குக் கயிற்றுக் கட்டில் போல இருந்தது. கொஞ்சம் அமுங்கும், ஆனால் தாங்கும். பழகிவிட்டால் அதன் மேலேயே நடந்து கடைக்குப் போய் வரலாம், போய் வந்தோம்.

அநியாயமும் நடக்காமல் இல்லை. பழைய பேப்பர்காரன் சரியாக ஹாரன் அடிக்கிற நேரத்துக்கு மூன்று சக்கர வண்டியோடு வந்து, ஒரு வருஷத்துப் பேப்பரைத் தராசில் வைத்து முள் அசையவில்லை பாருங்கம்மா என்று காட்டினான். இரண்டு முறை ஏமாந்த பெண்கள் மூன்றாம் முறை எஞ்சின் நிற்கும்வரை அவனைப் பேச்சில் இழுத்து வைத்திருந்து எடை போட்டார்கள். பால்வாடி டீச்சர் குழந்தைகளை அந்த நேரத்தில் எடை நிறுத்து எழுதிவிட்டு, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பவுண்டரி மேஸ்திரியின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை வந்த அன்று, பெண் காப்பித் தட்டோடு வரும்போது ஹாரன் அடித்தது. பேய்க்குத்தான் கால் தரையில் பாவாது என்று மாப்பிள்ளையின் சித்தி எழுந்து நின்று கத்த, மேஸ்திரி நிதானமாக, உங்கள் காலும்தான் பாவவில்லை, கொஞ்சம் குனிந்து பாருங்கள் என்றார். குனிந்து பார்த்தார்கள். ஒரே மாதிரிப் பேய்களாக இருந்துவிட்டால் சம்பந்தத்துக்கு என்ன குறை? கல்யாணம் ஐப்பசியில் முடிந்தது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, மருதாசலம் மட்டும் கோளாறைத் தேடிக்கொண்டிருந்தார். பிளைவீலில் கொஞ்சம் எடையைத் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்தும்விட்டார். தீபாவளி முடிந்த மறுநாள் எஞ்சினை இறக்குவதாக இருந்தார். இறக்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. அதைத் தடுத்தது சுலோச்சனா.

சுலோச்சனா பம்ப்செட்டுக் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். கை வேகம் அப்படி. வாய் அதைவிட வேகம். பஸ் ஒன்று சடன் பிரேக் போட்டதில் படியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். எலும்பு கூடிவிட்டது, நரம்பில் உயிர் இருக்கிறது, ஆனால் உடம்பைத் தாங்குகிற பலம் காலுக்கு இல்லை, வரலாம் வராமலும் போகலாம் என்றார்கள் டாக்டர்கள். இரண்டு வருஷமாகப் பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீதியை மேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எதிர்வீட்டுக் கோமதிக்கும் பழைய பகை உண்டு. வாசல் தெளித்த மிச்சத் தண்ணீரைக் கோமதி இவர்கள் பக்கம் தள்ளிவிடுவாள். சுலோச்சனா திட்டுவார். கோமதி பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். அந்தப் பதில் சொல்லாமல் போவதுதான் சுலோச்சனாவுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டால் எவளும் மதிப்பதில்லை என்று என்னிடமே சொல்லி இருக்கிறார்.

எஞ்சின் ஒன்பதாயிரத்தில் அலறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கோமதி தண்ணீரைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் தரையில் ஓடாமல் ஒரு சாண் உயரத்தில் பாய் விரித்த மாதிரி நகர்ந்து வந்து சுலோச்சனாவின் பாதத்தை நனைத்தது. சுலோச்சனா எழுந்தார். எழுந்தோம் என்ற நினைப்பே இல்லாமல் எழுந்து, வீதியைக் கடந்து, கோமதியின் வாசலில் போய் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, இரண்டு வருஷத்துப் பாக்கியை ஒன்றுவிடாமல் பேசித் தீர்த்தார். கோமதியும் சளைக்காமல் பேசினாள், கையை நீட்டி நீட்டிப் பேசினாள், பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் கீழே போயிற்று. தன் முன்னால் நிற்கிற இரண்டு கால்களைப் பார்த்தாள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மருதாசலம் ஆக்சிலேட்டரைத் தணித்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. நாங்களெல்லாம் பழக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினோம். சுலோச்சனா மூட்டையாகக் கீழே விழுந்தார். கோமதி போட்ட சத்தத்தில் மருதாசலம் ஓடி வந்து பார்த்தபோது, நாற்காலி அங்கே, மனைவி இங்கே, முட்டியில் தோல் உரிந்து ரத்தம். யார் தூக்கி வந்து போட்டது என்று எங்களைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார். யாரும் தூக்கவில்லை, நடந்து வந்தார்கள் என்றோம்.

அவர் வீதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவியின் பாதத்தைக் கையில் எடுத்து, ஒரு பேரிங்கைப் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுலோச்சனா அவர் காதருகே சாய்ந்து சொன்னார்:

"அந்தக் கோளாறைச் சரி பண்ணிப்போடாதீங்க."

மறுநாள் அவர் எஞ்சினை இறக்கவில்லை. என் குடோனுக்கு வந்து ஒரு கிரைண்டர் கல்லையும் தராசையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒன்பதாயிரத்தில் கல்லுக்கு எடையே இல்லை. எட்டாயிரத்து ஐந்நூறுக்குத் தணித்தால் கல் நாலு விரல் உயரத்துக்கு இறங்கியது, கால்வாசி எடை திரும்பியது. எட்டாயிரத்தில் மூன்று விரல், பாதி எடை. இப்படியே இறங்கி ஏழாயிரத்தில் கல் தரையைத் தொட்டுக் கல்லாகவே ஆகிவிட்டது. இதைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது, அது பட்டறைக்காரனுக்கு மட்டும் வரக்கூடிய யோசனை. புது எஞ்சினை எடுத்த எடுப்பில் முழு பாரத்துக்கு யாரும் விரட்டுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றி, பாகமும் பாகமும் ஒன்றோடு ஒன்று பழகும்வரை பொறுமையாக ஓட்டுவார்கள். ரன்னிங் இன் என்று அதற்குப் பேர். மனைவியின் கால்களை ரன்னிங் இன் பண்ணப் போவதாக வீட்டுக்காரர் சொன்னபோது சுலோச்சனா, அதற்கு இரண்டு வருஷமாக யோசனை பண்ணினீர்களா என்று கேட்டாராம்.

அன்று முதல் எஞ்சின் சுலோச்சனாவுக்காக ஓடியது. முதலில் கனமே இல்லாமல் நடந்தார், வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, போகிற வழியில் எல்லா வீட்டு விஷயத்திலும் தலையிட்டுக்கொண்டு. கால் பழகப் பழக மருதாசலம் சுற்றைக் குறைத்தார், கனம் கொஞ்சம் வந்து உட்கார்ந்தது, முதல் நாள் தள்ளாடினார், பிறகு அதுவும் பழகியது, மறுபடி குறைத்தார். கோமதி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோழிக்குப் பின்னால் போகிறவள் மாதிரி அவருக்குப் பின்னாலேயே போனாள். சக்கர நாற்காலியின் முதுகில் 'ரன்னிங் இன்' என்று சாக்கட்டியில் எழுதியதும் அவள்தான். எஞ்சினைத் தணிக்கும்போதும் இப்போது சட்டென்று தணிப்பதில்லை. சுலோச்சனா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று கோமதி கையைக் காட்டிய பிறகுதான் மருதாசலத்தின் கால் ஆக்சிலேட்டரை விட்டு மேலே வரும்.

ஆனால் பந்தயத்துக்குக் கட்டிய எஞ்சினுக்கு ஆயுசு குறைவு. எடையைச் சுரண்டிய இடத்தில் பலத்தையும் சேர்த்துத்தானே சுரண்டியிருக்கிறார். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் அது உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தேய்மானம் வசுந்தராவின் பந்தயத்துக்கு உரியது. அவர் போன் செய்து கேட்கும்போதெல்லாம் மருதாசலம், ரன்னிங் இன் நடக்குதுங்க மேடம் என்றார். பொய் சொல்லவில்லை. எது ரன்னிங் இன் ஆகிறது என்று மட்டும் சொல்லவில்லை. இருந்தாலும் போனை வைத்த பிறகு வெகுநேரம் காரின் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருப்பார். வாழ்நாளில் ஒருவர் கட்டக்கூடிய நல்ல எஞ்சின் ஒன்றுதான், அதைக் கட்டியாகிவிட்டது, அது ஓட வேண்டிய இடத்தில் ஓடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் துக்கம் சின்னதில்லை. அதை நாங்கள் அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

ஏனென்றால் எங்களுக்கு எங்கள் கவலை. சாண் நாலு விரல் ஆகி, நாலு விரல் இரண்டு விரலாகி, போன கனமெல்லாம் வீதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பீரோ மறுபடி பீரோவாகிவிட்டது. மேஸ்திரி கிரேனுக்கு எண்ணெய் போட்டார். என் இடுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் சிலபேர் சேர்ந்துபோய், அம்மா நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது, அவர்கள் நடந்து முடித்த பிறகு எங்களுக்காகவும் ஒரு ஐந்து நிமிஷம் ஒன்பதாயிரத்தில் ஓட்டக்கூடாதா என்று கேட்டோம். மருதாசலம் கையைத் துடைத்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டார். பிறகு சொன்னார்:

"உங்க கல்லு நாளைக்கும் கல்லாத்தான் கெடக்கும். எஞ்சினுக்கு எத்தனை நாளைக்கு உசுருன்னு எனக்கே தெரியலைங்க. அதுக்குள்ள இவ நின்னாகணும்."

நாங்கள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தோம். மூன்றாம் நாள் நான் ஆள் வைத்துக் கல் ஏற்றினேன்.

மார்கழி முடிகிற நேரத்துக்கு எஞ்சின் ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஓடியது, வீதி ஒரே ஒரு விரற்கடைதான் தரையை விட்டு நின்றது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். சுலோச்சனா கிட்டத்தட்ட தன் கனம் முழுவதையும் தானே சுமந்தார். நெற்றியில் வேர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டு, யாரையும் தொடாமல். ஆனால் அந்தக் கடைசி விரற்கடை இறங்க மாட்டேன் என்றது. எஞ்சினை முழுக்க நிறுத்திப் பார்ப்பார்கள், உடனே முழங்கால் மடிந்து கோமதியின் கையில் சாய்வார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. வீதியை மேய்க்கிற மனுஷி, அந்த நாட்களில் நாற்காலிக்குத் திரும்பிய பிறகு அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எங்களுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பொங்கல் முடிந்து, பந்தயத்துக்கு முந்தின வாரம், கார் ஏற்றுகிற லாரியோடு வசுந்தரா வந்து இறங்கினார். வண்டியை ஏற்றச் சொன்னார். மருதாசலம் குறுக்கே போய் நின்று, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று, நடந்தது முழுவதையும் சொன்னார். எஞ்சினில் பாக்கி இருப்பது கொஞ்சம்தான், டிராக்கில் கடைசிச் சுற்று வரை தாங்குமா என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றார். வசுந்தராவின் முகம் சிவந்தது. என் வண்டியை வைத்து என்னைக் கேட்காமல் ஊருக்கே சேவை செய்தீர்களா என்று கேட்டார். மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

வசுந்தரா நேராகச் சுலோச்சனாவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். அவர் காலைப் பார்த்தார், முட்டியில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவுங்க பாக்கி?" என்று கேட்டார்.

"ஒரு விரக்கடைங்க" என்றார் சுலோச்சனா.

வசுந்தரா லாரியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பந்தயத்துக்கென்று வாங்கிய கையுறை கையிலேயே இருந்தது, அதை மாட்டிக்கொண்டார். "இது என்ற வண்டி. மிதிக்கறதுன்னா நான்தான் மிதிப்பேன். ஒரே ஒரு தடவை, அப்புறம் லாரில ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வயதில் கதவைத் திறக்காமல் தாண்டி உள்ளே குதித்து உட்கார்ந்தார். மருதாசலம் எவ்வளவு சுற்று என்று சொன்னார். அவர் அந்த இடத்தில் முள்ளை ஆணி அடித்த மாதிரி நிறுத்தினார். நல்ல கால் அவருக்கு. மருதாசலமே அதைப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்.

வீதி ஒரு விரற்கடை ஏறியது. சுலோச்சனா எழுந்து நடந்தார். பவுண்டரி வரைக்கும் போனார், அங்கே மேஸ்திரியிடம் மகள் மாசமாக இருக்கிறாளா என்று விசாரித்தார், திரும்பினார். கோமதி கையை விரித்துக்கொண்டு பின்னால் வந்தாள். வீதியின் நட்ட நடுவில், நாற்காலிக்கும் எட்டாத, எந்தச் சுவருக்கும் எட்டாத இடத்தில் அவர் வந்துகொண்டிருந்தபோது, எஞ்சினுக்குள் ஒரு கனெக்டிங் ராடு முறிந்து, பக்கவாட்டு இரும்பைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது.

அந்தச் சத்தத்தில் காக்கைகள் எல்லாம் கிளம்பின. வீதி ஒரு விரற்கடை விழுந்தது, பாத்திரங்கள் உருண்டன, என் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டன. புகை வந்தது, ஆயில் பட்டறைத் தரையில் கருப்பாகப் பரவியது. நாங்கள் எல்லோரும் நெருப்புப் பிடித்துவிடுமோ என்று பட்டறைக்கு ஓடினோம், கோமதியும் பதற்றத்தில் எங்களோடு ஓடி வந்துவிட்டாள். வசுந்தரா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடாத எஞ்சினின் சாவியைத் திருப்பி அணைத்தார். மருதாசலம் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கை நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்த ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணீர் வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"நின்னு போச்சு, சுலோ" என்றார், திரும்பாமல்.

வீதி நடுவிலிருந்து சத்தம் வந்தது.

"நானும் நின்னுட்டேனுங்க."